பாடாத வாய்க்கும் உரிமை உண்டு

1985 ஆம் ஆண்டு யூலை மாதம் 26 ஆம் நாள் கேரள மாநிலத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து மூன்று பிள்ளைகள் விலக்கப்பட்டனர். மூவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவர் பத்தாம் வகுப்பு, மற்றவர் ஒன்பதாம் வகுப்பு, கடைக்குட்டி ஐந்தாம் வகுப்பு. களவெடுத்தார்கள் என்றோ, ஆசிரியரை எதிர்த்துப் பேசினார்கள் என்றோ, பரீட்சையிற் பார்த்து எழுதினார்கள் என்றோ அவர்கள்மீது எவரும் குற்றஞ் சாட்டவில்லை. நாள்தோறும் காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் இசைக்கப்படும்போது மற்றப் பிள்ளைகளோடு எழுந்து மரியாதையாக நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அதுவே குற்றமாயிற்று.

அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். இந்தியாவின் கீதம் என்றில்லை, எந்த நாட்டின் கீதத்தையும் பாடுதல் தமது சமயத்துக்கு ஒவ்வாது என்பது அவர்களின் நம்பிக்கை. அப்பிள்ளைகளின் மூத்த சகோதரிகளும் அதே பாடசாலையிற் படித்தவர்கள். அவர்களும் பாடாமல் நின்றே படித்தார்கள். எவருக்கும் அது உறுத்தவில்லை. பின்னர் ஒருநாள் நாட்டுப்பற்று மிகுந்த சட்டசபை உறுப்பினர் ஒருவரின் கண்ணில் அது பட்டது. சபையிலே கேள்வி எழுந்தது. விசாரணைக் குழு அமைந்தது. பிள்ளைகள் சட்டத்துக்கு அடங்கி நடப்பவர்கள், கீதத்தை அவர்கள் அவமதிக்கவில்லை என்று அக்குழுவே கூறிற்று. அதன் பின்னரும் கல்வி அதிகாரியின் பணிப்பின்பேரில் தலைமை ஆசிரியை பிள்ளைகளை வெளியேற்றினார். தகப்பனார் சென்று மன்றாடியபோது தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று கையை விரித்தார். அந்த அம்மையாரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தால் அதிபரின் நிலை என்னவாகும் என்பதைப் பாடசாலையில் உத்தியோகம் பார்த்த எவரும் அறிவர்.

வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. கேரள உயர் நீதிமன்றம் முதலில் தனி நீதிபதி முன்னும், பின்னர் இரு நீதிபதிகள் முன்னும் தகப்பனாரின் மனுவை நிராகரித்தது. நீதிபதிகள் தேசிய கீதத்தின் சொற்களை எடுத்து ஆராய்ந்தனர். தாகூரின் அப்பாட்டில் எந்தச் சமயத்தவரின் மனத்தையும் புண்படுத்தும் சொல்லோ கருத்தோ இல்லை என்று கண்டனர். பாட்டிலே பழுதில்லை, ஆகவே பாட மறுப்பதற்குக் காரணமும் இல்லை. கேட்கும்போது இது நேரான தருக்கம் போலவே தோன்றும். நம்மிற் பலர் நாள்தோறும் வீட்டிலே பயன்படுத்துகின்ற தருக்கமும் இதுவேதான். "நல்ல விஷயந்தானே சொல்லச் சொல்கிறோம், சொன்னால் என்ன?"

1986 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 11 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் இத்தருக்கத்தை உடைத்தது. நீதியரசர் சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அது. நீதியரசர் தத் அவருடன் அமர்ந்திருந்தார். பாட்டு நல்லதா, கெட்டதா என்பதன்று கேள்வி. பாட மறுக்கும் பிள்ளையின் நம்பிக்கை மெய்யாகவே அப்பிள்ளையின் மனத்தில் உள்ளதா என்பதே கேள்வி என்று அவர் கொண்டார். அந்நம்பிக்கை நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். நீதிபதிக்குமே அது ஒவ்வாததாக இருக்கலாம். அது பொருட்டன்று. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971 ஆம் ஆண்டுச் சட்டம் கீதம் பாடுவதைத் தடுப்பவரையும், பாடும் கூட்டத்தைக் குழப்புபவரையுமே குற்றவாளியாக்குகிறது. வாய்மூடி நிற்பவரை அன்று. ஒவ்வொருவரும் பாடியே தீரவேண்டும் என்று கட்டளையிடும் சட்டம் எதுவுமில்லை; கல்வித் திணைக்களம் அனுப்பும் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. பேச்சுரிமையும் மனச்சாட்சி உரிமையும் அரசியலமைப்பு அளித்தவை. ஒரு சுற்றறிக்கை அவற்றைப் பறிக்க இயலாது. பிள்ளைகளை மீண்டும் சேர்க்குமாறு நீதிமன்றம் பணித்தது.

சட்டம் படித்தவர்கள் இவ்வழக்கைப் பிஜோ இம்மானுவேல் வழக்கு என்பர். கருத்துச் சுதந்திரம் என்றவுடன் நம்மவர் நினைப்பது மேடையையும் பத்திரிகையையும் ஒலிவாங்கியையுந்தான். பேச விடாமல் வாயைப் பொத்துவதே அடக்குமுறை என்று எண்ணுகிறோம். அது ஒரு பாதி. வாயைத் திறந்து, மனத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லவைப்பது மற்றப் பாதி. பின்னையது முன்னையதிலும் கொடியது என்பது என் எண்ணம். பேசவிடாது தடுக்கப்பட்டவனுக்குத் தன் மனமாவது தன்னுடையதாக எஞ்சுகிறது. பிறர் சொல்லைத் தன் சொல்லாகச் சொல்ல வைக்கப்பட்டவனுக்கு, அதிலும் அவன் பத்து வயதுப் பிள்ளையாயின், நாளடைவில் எது தன் மனம் என்பதே தெரியாமற் போய்விடும்.

இத்தீர்ப்பில் நாம் வாழும் நாட்டுக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. நீதியரசர் சின்னப்ப ரெட்டி தமது முடிவுக்குத் துணையாக எடுத்துக் காட்டியவற்றுள் ஒன்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 1945 இல் வழங்கிய தீர்ப்பாகும். ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணத் தூரத்திலுள்ள ஹமில்ரன் நகரத்துப் பாடசாலையில், அதே சமயப் பிரிவைச் சேர்ந்த இரு மாணவர்கள் கொடிக்கு வணக்கஞ் செய்யவும் கீதம் பாடவும் மறுத்து வெளியேற்றப்பட்டனர். அது போர்க்காலம். 1940 யூலையில் கனடிய அரசு அச்சமயப் பிரிவையே சட்டவிரோதமென்று தடைசெய்திருந்தது. தடை நீங்கியது 1943 இல். அத்தகைய காலத்திற் கிளம்பிய வழக்கிலும் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிள்ளைகளின் பக்கமே நின்றது. பெற்றோர் ஒன்றைச் சமயத்துக்கு மாறானது என்று மெய்யாக நம்பினால், அது அப்படியன்று என்று பாடசாலைச் சபை தீர்ப்புக் கூற முடியாது என்பதே அதன் சாரம். ஹமில்ரன் பிள்ளைகளின் மௌனம் நாற்பத்தோராண்டு கழித்துக் கேரளப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது. இன்றும் ஒன்ராறியோப் பாடசாலைகளில் காலையிற் கனடிய கீதம் உண்டு. பெற்றோர் கேட்டுக்கொண்டால் பிள்ளைக்கு விலக்கும் உண்டு.

அமெரிக்காவின் கதை இன்னும் நீண்டது. அதனுள் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் மைனர்ஸ்வில் என்ற சிற்றூரில் 1935 இல் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் அவளுடைய பத்து வயதுத் தம்பியும் கொடி வணக்கம் செய்ய மறுத்தனர். அந்நாளில் அமெரிக்கப் பாடசாலைகளிற் கொடி வணக்கம் என்பது வலக்கையை நேரே முன்னீட்டிச் செய்வது. ஹிட்லருக்குச் செய்யும் வணக்கத்தை அது ஒத்திருந்தது. ஜெர்மனியில் இதே சமயத்தவர் ஹிட்லருக்கு வணக்கஞ் செய்ய மறுத்தமைக்காக வதைமுகாம்களில் ஊதா முக்கோணம் தைத்த சட்டையோடு அடைபட்டிருந்தனர் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிற் கை நெஞ்சுக்கு மாறியது 1942 இன் கடைசியிலேதான்.

மைனர்ஸ்வில் வழக்கில் 1940 யூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கிற் பிள்ளைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நாட்டின் பாதுகாப்புக்கு ஒற்றுமை வேண்டும், ஒற்றுமைக்குக் கொடி வேண்டும் என்பது அத்தீர்ப்பின் போக்கு. நீதிமன்றமே கைவிட்டதன் பின் ஊரவர் சும்மா இருப்பார்களா? பல மாநிலங்களில் அச்சமயத்தவர் தாக்கப்பட்டனர். மெயின் மாநிலத்துக் கெனபங்க் என்னும் ஊரில் அவர்களின் வழிபாட்டு மண்டபம் எரிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1943 யூன் 14 ஆம் நாள், மேற்கு வேர்ஜீனியாவிலிருந்து வந்த பார்னெட் வழக்கில் அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தன் தீர்ப்பைத் தானே மாற்றியது. முன்னர் பெரும்பான்மையோடு நின்ற நீதியரசர் மூவர் மனம் மாறியிருந்தனர். இரண்டாம் உலகப் போரின் நடுவில், ஆயிரக்கணக்கான இளைஞர் அக்கொடியின்கீழ் மாண்டுகொண்டிருந்த வேளையில், அக்கொடியை வணங்கும்படி ஒரு பிள்ளையையும் வற்புறுத்தலாகாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் கூறியதை எண்ணிப் பாருங்கள். தீர்ப்பை எழுதியவர் ரொபேட் ஜாக்சன். பின்னர் நூரெம்பேர்க் விசாரணையில் அமெரிக்காவின் தலைமை வழக்குத் தொடுநராகச் சென்றவர். அரசியலிலோ சமயத்திலோ தேசியத்திலோ இதுதான் சரியான கருத்து என்று விதிக்க எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை என்றும், கருத்தை வற்புறுத்தி ஒன்றாக்கப் புறப்பட்டவர்கள் இறுதியிற் காண்பது மயானத்தின் ஒற்றுமையையே என்றும் அவர் எழுதினார். மயானத்தின் ஒற்றுமை என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் நான் சொல்ல வந்த பாடம் ஜாக்சனிடம் இல்லை, தோற்றுப்போனவரிடம் இருக்கிறது. 1940 இல் பிள்ளைகளுக்கு எதிரான தீர்ப்பை எழுதியவரும், 1943 இல் அதனையே பிடித்துக்கொண்டு மாறுபட்ட தீர்ப்பு எழுதியவரும் ஃபீலிக்ஸ் பிராங்பேர்ட்டர் என்ற நீதியரசர். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்து, 1894 இல், பன்னிரண்டு வயது நிறையாத சிறுவனாக, ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாமல் நியூயோர்க்கில் வந்திறங்கியவர். பொதுப் பாடசாலை அவரை வளர்த்தது. குடிபெயர்ந்து வந்த சிறுவன் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றத்திலே அமர்ந்தான். மனித வரலாற்றில் மிகவும் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையைச் சேர்ந்தவன் நான், எனக்குச் சுதந்திரத்தின் அருமை தெரியாதா என்னும் பொருளில் அவர் தம் மாறுபட்ட தீர்ப்பைத் தொடங்குகிறார். தெரியும்தான். ஆயினும் அந்தக் கொடிமீது அவருக்கிருந்த நன்றி அத்துணை பெரிது. அதனை வணங்க மறுக்கும் பிள்ளையின் மனம் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பாடசாலைக் கொடியே வந்தேறு குடிகளை ஒரு நாட்டவராக்கும் என்று அவர் உண்மையாக நம்பினார்.

இவரைப்பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் வீடுகளின் நினைவே வருகிறது. "வந்த இடத்தில் வாயைக் காட்டாதே", "அவன் சோறு போடுகிறான், நீ கேள்வி கேட்கிறாயா?", "ஆசிரியர் என்ன சொன்னாலும் ஓமென்று சொல்லிவிட்டு வா." இவை அன்பினாற் பிறந்த சொற்கள், அச்சத்தினாலும் பிறந்தவை. விமான நிலையத்திற் கடவுச்சீட்டு இல்லாமல் நின்றவனுக்கு, விசாரணை அதிகாரியின் முன்னே ஒரு திகதி பிசகினால் எல்லாம் பிசகிவிடும் என்று நடுங்கியவனுக்கு, வாய் என்பது ஆபத்தான உறுப்பு. அவனைப் பார்த்துக் கருத்துச் சுதந்திரத்தை உபதேசிப்பது எளிது. ஆயினும் அந்த அச்சத்தைப் பிள்ளைக்கும் முதுசமாகக் கொடுத்துவிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்நாட்டில் அந்த அச்சத்துக்கு ஒரு மருந்து சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1982 ஆம் ஆண்டுக் கனடிய உரிமைகள் சுதந்திரங்கள் பட்டயத்தின் இரண்டாம் பிரிவு மனச்சாட்சிக்கும் சிந்தனைக்கும் கருத்து வெளியீட்டுக்குமான சுதந்திரத்தை "ஒவ்வொருவருக்கும்" உரியதாகக் கூறுகிறது. பிரசைக்கு உரியது என்று கூறவில்லை. இலக்கணம் படிப்பித்தவன் என்பதால் இத்தகைய சொற்கள் என் கண்ணில் முதலிற் படும். இந்திய அரசியலமைப்பின் பத்தொன்பதாம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைப் பிரசைகளுக்கே அளிக்கிறது. 1978 ஆம் ஆண்டு இலங்கை அரசியலமைப்பின் பதினான்காம் உறுப்புரையும் "ஒவ்வொரு பிரசைக்கும்" என்றே தொடங்குகிறது. 1948 இன் சட்டத்தால் இலட்சக்கணக்கான மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்த நாட்டில் அந்தச் சொல் எத்துணைக் கனமானது! நாடற்றிருந்தோருக்கு அதே உறுப்புரை அவ்வுரிமைகளைப் பத்தாண்டுத் தவணைக்கு மட்டும் கொடுத்தது, வங்கி கடன் கொடுப்பதுபோல.

"ஒவ்வொருவர்" என்பதில் யார் யார் அடக்கம் என்ற கேள்வி 1985 ஏப்பிரல் 4 ஆம் நாள் கனடிய உச்ச நீதிமன்றத்தில் விடை கண்டது. சிங் வழக்கு என்று பெயர் பெற்றது அது. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட எழுவர், தம் வாயால் தம் கதையைச் சொல்ல ஒரு முறையேனும் வாய்ப்பளிக்காமல், கடுதாசியைப் பார்த்தே முடிவெடுத்துவிட்டார்கள் என்று முறையிட்டனர். அறுவர் அமர்ந்த நீதிமன்றம் முழுதும் அவர்கள் பக்கம் நின்றது. காரணம் காட்டுவதில் மட்டும் இருவகையாகப் பிரிந்தது. பட்டயத்தின் ஏழாம் பிரிவிலுள்ள "ஒவ்வொருவர்" என்ற சொல் கனடிய மண்ணில் நிற்கும் ஒவ்வொரு மனிதப் பிறவியையும் குறிக்கும் என்று எழுதியவர் நீதியரசர் பேர்த்தா வில்சன். அவரும் குடிபெயர்ந்து வந்தவர்தான், ஸ்கொத்லாந்திற் பிறந்தவர். பிராங்பேர்ட்டருக்கும் அவருக்கும் உள்ள தூரத்தை நான் பலமுறை யோசித்ததுண்டு. அந்நாளைக் கனடாவில் இன்று அகதிகள் உரிமை நாளாகக் கொள்கின்றனர். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலிற் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்த 492 தமிழரும் அரசியல்வாதிகள் என்ன பேசியபோதிலும் விசாரணையில் வாய்திறந்து தம் கதையைச் சொல்ல முடிந்தது. அதன் பின்னணியில் இத்தீர்ப்பு உண்டு. ஆகவே "நாங்கள் வந்தவர்கள்" என்பது வாய்மூடி இருப்பதற்குச் சட்டப்படி ஒரு காரணமன்று.

இனி நம் பக்கத்தைச் சற்றுப் பார்ப்போம். விருப்பமில்லாத சொல்லைச் சொல்லவைக்கும் கொடுமையை நாம் புத்தகத்திற் படித்து அறிந்தவர்கள் அல்லர். 1983 யூலைக் கலவரத்தின் சாம்பல் ஆறுமுன் ஓகஸ்ட் மாதம் இலங்கைப் பாராளுமன்றம் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்ததோடு அது நிற்கவில்லை. பாராளுமன்ற உறுப்பினர், சட்டத்தரணிகள், அரச உத்தியோகத்தர் ஆகியோர் எழுந்து நின்று அதற்கெதிராகச் சத்தியப்பிரமாணம் செய்யவேண்டும் என்றும் கட்டளையிட்டது. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அப்பிரமாணத்தைச் செய்யாது தம் ஆசனங்களை இழந்தனர். அவர்களது அரசியலைப் பலவாறாக விமர்சிக்கலாம். ஆனால் அந்த மறுப்பு ஹமில்ரன் பிள்ளைகளின் மறுப்புக்கு இனமானது. கீதத்தின் விடயத்திலும் நமக்கு ஒரு கதை உண்டு. 2016 பெப்ரவரி 4 ஆம் நாள் சுதந்திர தின விழாவிலே தமிழிலும் இலங்கையின் கீதம் இசைக்கப்பட்டபோது சிலர் கண் கலங்கினர். 2020 இல் அது நிறுத்தப்பட்டபோது மனம் கசந்தனர். நியாயமான கசப்பு. எனினும் நாம் கேட்டது எப்போதும் நம் மொழியிற் பாடும் உரிமையையே. பாடாமலிருக்கும் உரிமையை நாம் கேட்டதுமில்லை, ஒருவருக்கு ஒருவர் கொடுத்ததுமில்லை.

கொடுக்காததன் விலை பெரிது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உடற்கூற்றியல் விரிவுரையாளர் ரஜனி திராணகம 1989 செப்ரெம்பர் 21 ஆம் நாள் வீதியிற் சுட்டுக் கொல்லப்பட்டார்; எந்தத் தரப்பின் தவறையும் மறைக்காமல் எழுதியதே அவர் செய்தது. ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்ரோபர் 19 ஆம் நாள் தமது வீட்டிலேயே கொல்லப்பட்டார். சுட்டவர்கள் வேறு வேறானவர்கள் என்பதே பலரின் கருத்து. கொல்லப்பட்ட காரணம் ஒன்றே.

அது அங்கே, போர்க்காலம் என்பீர்கள். இங்கே துப்பாக்கி இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சொல் இருக்கிறது. "துரோகி" என்ற சொல்லைச் சொல்கிறேன். மண்டபத்திலே கொடி ஏற்றும்போது ஒருவர் ஒதுங்கி நின்றார், கூட்டத்திற் கைதட்டவில்லை, அறிக்கையிற் கையொப்பமிடவில்லை. அவ்வளவுதான், மறுநாள் பலசரக்குக் கடையிலே அவர் பெயர் மாறிவிடும். அவர் ஒன்றும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். பேசாமையே குற்றம். 1971 ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் செய்யும் வேறுபாட்டை நாமும் செய்யலாம். மாண்டோருக்காக ஒரு நிமிடம் தலைகுனிந்து நிற்கும் கூட்டத்திலே சத்தமிட்டுக் குழப்புபவன் பிழை செய்கிறான். அவனை வெளியே அனுப்புங்கள். அமைதியாகப் பின்வரிசையில் இருப்பவன் எவருடைய அஞ்சலியையும் கெடுக்கவில்லை. தன் மகனை இழந்த தாய் ஒருத்தி விளக்கேற்ற வராமலிருக்க அவளுக்கென்று ஆயிரம் காரணம் இருக்கும். அக்காரணத்தை அவள் செயற்குழுவுக்குச் சொல்லக் கடமைப்பட்டவள் அல்லள். வந்து விளக்கேற்றுபவரின் உரிமையும் அதே உரிமைதான். ஒன்றை மதிக்காதவர் மற்றதைக் கேட்க முடியாது.

பெரியவர்களின் சங்கதி போகட்டும். பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. தமிழ்ப் பாடசாலைகளின் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகச் சென்றிருக்கிறேன். எட்டு வயதுச் சிறுமி மேடைக்கு வருகிறாள். ஸ்காபரோ வைத்தியசாலையிற் பிறந்தவள். "நான் ஓடி விளையாடிய முற்றம் எங்கே, என் பனைமரம் எங்கே" என்று தொடங்குகிறாள். மூன்றாம் நிமிடத்திற் குரல் தழதழக்க வேண்டும், தழதழக்கிறது. கை நெஞ்சுக்குப் போகவேண்டிய இடத்திற் போகிறது. முன்வரிசையிலே தாயாரின் உதடுகள் ஓசையின்றி அதே சொற்களைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. எழுதியவர் தகப்பனார், அல்லது ஊரிலுள்ள பெரிய தகப்பனார். உச்சரிப்புக்கு இருபது புள்ளி, உணர்ச்சிக்கு இருபது புள்ளி. அந்தப் பனைமரம் தகப்பனாருக்கு உண்மை; அவருடைய இழப்பு உண்மை. சிறுமிக்கு அது மனனம். அவளுக்கென்று பனைமரத்தைப்பற்றி ஒரு கேள்வியேனும் இருந்திருக்கும். அதைக் கேட்க அந்த மேடையில் இடமில்லை.

ஊர்ப்பற்றைப் பிள்ளைக்கு ஊட்டுவது தவறோ என்று சிலர் கோபிக்கக்கூடும். ஊட்டுங்கள். கதை சொல்லுங்கள், படம் காட்டுங்கள், இயலுமாயின் கூட்டிக்கொண்டுபோய் முற்றத்தைக் காட்டுங்கள். நான் கேட்பது அதன்மேல் வைக்கப்படும் புள்ளிகளைப்பற்றி. இங்கே அல்பேட்டா மாநிலத்து எக்வில் என்ற ஊரில் ஜேம்ஸ் கீக்ஸ்ட்ரா என்று ஓர் ஆசிரியர் இருந்தார். அவ்வூரின் நகரபிதாவாகவும் இருந்தவர். யூதர்களே உலகத்தின் கேடு அனைத்துக்கும் காரணம் என்று வகுப்பிலே போதித்து வந்தார். 1982 இல் வேலை பறிபோனது. பின்னர் வெறுப்பைத் தூண்டிய குற்றத்துக்கு வழக்குத் தொடுக்கப்பட்டது. தண்டனை அவருடைய கருத்துச் சுதந்திரத்தை மீறுகிறதா என்ற கேள்வியில் 1990 இல் கனடிய உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று பிரிந்து, சட்டம் செல்லும் என்றது. சுதந்திரத்துக்கு எல்லை உண்டா என்று கேட்போர் எல்லோரும் இவ்வழக்கை எடுத்துக்காட்டுவர். எல்லை உண்டு, பட்டயத்தின் முதலாம் பிரிவே நியாயமான எல்லைகளை ஏற்கிறது. ஆனால் ஆசிரியனான என் கண்ணில் அவ்வழக்கில் வேறொன்று உறுத்துகிறது. அவர் போதித்ததைப் பரீட்சையில் அப்படியே திருப்பி எழுதாத மாணாக்கருக்குப் புள்ளிகள் குறைந்தன என்று தீர்ப்பிலே பதிவாகியுள்ளது. அவரது போதனைக்கும் நம் பேச்சுப் போட்டிக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. கருத்து நச்சுக் கருத்தாயினும் நல்ல கருத்தாயினும், அதனைத் திருப்பிச் சொன்னாற்றான் புள்ளி என்ற கணத்தில் பிள்ளையின் மனத்திலே நிகழ்வது ஒன்றுதான். அவள் தன் வாயைப் பிறருக்கு வாடகைக்கு விடப் பழகுகிறாள். இன்று தகப்பனார் எடுத்துக்கொள்கிறார். நாளை யார் எடுப்பார் என்பதை அவராற் கட்டுப்படுத்த முடியாது.

பொங்கல் விழாக்களுக்கு ஆயத்தம் செய்யும் செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பேச்சுப் போட்டியை நிறுத்த வேண்டாம். மனனப் பேச்சும் இருக்கட்டும், அது தமிழ் உச்சரிப்புக்கு நல்லது. அதனருகே இன்னொரு பிரிவையும் வையுங்கள். தலைப்பைப் பிள்ளையே சொல்லட்டும். தமிழ் தடுமாறினால் இடையிலே ஆங்கிலச் சொல் வரட்டும், நடுவர் அதற்காகக் குறைக்கவேண்டாம். பெற்றோர் எழுதிக்கொடுத்தது என்று தெரிந்தால் மட்டும் புள்ளி இல்லை என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி அச்சிடுங்கள். தமிழ்ப் பாடசாலை தனக்குச் சலிப்பாக இருக்கிறது என்று ஒரு பையன் பேசினால் அவனையும் மூன்று நிமிடம் முழுதாகப் பேசவிடுங்கள். அவன் சொல்வதிற் பாதி உண்மையாகவும் இருக்கலாம். மேடையில் ஏறி, சபையைப் பார்த்து, சொல்ல ஒன்றுமில்லை என்று இறங்கிப்போகும் பிள்ளைக்கும் பங்குபற்றியமைக்கான சான்றிதழைக் கொடுங்கள்.